வாங்கினதா, வந்ததா

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் போனில் பாடுகிறதே, அந்தப் பாட்டு நீங்கள் வாங்கினதா, உங்களுக்கு வந்ததா?

நிறுத்த வேண்டாம். நான் நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். வந்ததா. சரி. யார் அனுப்பினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லை. இருக்காது. யாருக்கும் இருக்காது.

நான் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். திருநெல்வேலி டவுனில் ஒரு தியேட்டரில் கேட்டில் நின்றவன் நான். இருபத்தொன்பது வருஷம். அத்தனை ஜனமும் என் கையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். நான் பேசினது ஒரே வார்த்தை. 'டிக்கெட்.' அதற்கு மேல் பேசத் தேவைப்பட்டதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன் என்றால் வயிறு எரிகிறது, அதனால் பேசுகிறேன்.

கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறேன். என் வீட்டுக்காரி உலகம்மாள் அங்கே அவள் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். என்ன கோபம் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கதவைச் சாத்தினேன் என்று கோபம். என் வீட்டுக் கதவை நான் சாத்தினேன். அதற்கு.

அவளுக்குப் பாட்டு வேண்டும். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி பாத்திரம் கவிழ்க்கிறவரைக்கும் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டிருக்க வேண்டும். முன்னே ஒரு கம்பெனியில் காசு கட்டிப் பாட்டு வாங்கி வைத்திருந்தாள். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. வேறு போன் வாங்கினோம். பாட்டு வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், அந்தப் பாட்டு அந்தப் போனுக்கு மட்டும்தான் என்கிறான். பூட்டு போட்டிருக்கிறார்களாம், திருடிவிடக் கூடாது என்று. அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் எரிந்தது. டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டுவிட்டு, இடைவேளையில் வந்து, 'நீ சட்டையை மாற்றிவிட்டாய், வெளியே போ' என்றால் எப்படி? நான் ஒருத்தனையாவது அப்படித் தள்ளியிருப்பேனா? டிக்கெட் வாங்கினவன் ராஜா. வாங்காதவன் ரோட்டில் நிற்க வேண்டியவன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

அப்புறம்தான் செங்கமலம் பாட்டு வந்தது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எல்லாம் அவளே பாடி, அவள் வீட்டிலேயே பதிவு பண்ணி, நெட்டில் விற்கிறாள். கம்பெனி கிடையாது. ஒரு பாட்டில் பின்னால் கோழி கூப்பிடுவதுகூடக் கேட்கும். உலகம்மாள் எங்கேயோ கேட்டுவிட்டு, 'இதுதான் வேணும்' என்று பிடித்துக்கொண்டாள். வாங்குகிற இடத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள். நான் எட்டாம் வகுப்புதான், ஆனால் கட்டுப்பாடு எழுதியிருக்கிற இடத்தை விடாமல் படிப்பேன். 'இந்தப் பாடல்களுக்குப் பூட்டு இல்லை. எந்தப் போனிலும் எந்தக் கருவியிலும் போட்டு உங்கள் வீட்டாரோடு கேளுங்கள். உங்களை நம்பித் தருகிறேன்.'

அதைப் படித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து படித்தேன், தம்பி. கேட்டே இல்லாத ஒரு தியேட்டர். நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அப்படி ஒருத்தி நம்பினால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

உலகம்மாள் வாங்கினாள், அவள் போனில். ஒரு வாரம் நன்றாகத்தான் போனது.

நாங்கள் குடியிருப்பது வளவு. உங்களுக்கு வளவு தெரியுமா? ஒரே வாசல், உள்ளே நடுவில் முற்றம், இரண்டு பக்கமும் வரிசையாக வீடு. குழாய் ஒன்று, கிணறு ஒன்று. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் சோறு கூடுதலாக இறங்கும். ஒரு நாள் மத்தியானம் குழாயடியில் இருந்து குடத்தோடு வருகிறேன். ஆவுடையம்மாள் வீட்டில் செங்கமலம் பாடுகிறாள். பக்கத்து வீட்டிலும் பாடுகிறாள். எதிர்த்த வரிசையிலும் பாடுகிறாள். ஒரே பாட்டு, ஒன்றுக்கொன்று ஒரு வரி பிந்தி. எண்ணினேன். எங்கள் வீட்டை விட்டுவிட்டு எட்டு வீடு.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"யாரு குடுத்தா?"

"நான்தான் குடுத்தேன்."

"எதுக்கு?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

"டிக்கெட்?"

"இது என்ன ஒங்க கொட்டகையா? பூட்டு இல்லன்னு அந்தப் புள்ளையே எழுதியிருக்கா."

"வீட்டாரோட கேளுங்கன்னும் எழுதியிருக்கா."

"நமக்கு வீட்டார் வேற யாரு இருக்கா? புள்ளையா குட்டியா? இந்த வளவுதான் இருக்கு."

"ரேஷன் கார்டுல ரெண்டு பேருதான் இருக்கு."

அரிவாள்மனையை எடுத்து வைத்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னது சரி என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. எங்கள் தியேட்டரை யார் கொன்றது தெரியுமா? படம் வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் தட்டு விற்றான். திருட்டு சிடி. ஒருத்தன் வாங்குவான், அவன் தெருவே பார்க்கும். எல்லாரும் நல்லவர்கள்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பாசமாகக் கொடுத்தவர்கள்தான். பாசமாகக் கொடுத்துக் கொடுத்தே தியேட்டரை மூடினார்கள். கடைசியாக ஒரு மேட்னி ஷோவுக்கு நான் நாலு டிக்கெட் கிழித்தேன். படம் ஓட்டுகிறவர், 'கொம்பையா, நாலு பேருக்கு ஓட்டவா வேண்டாமா?' என்று மேலே இருந்து கேட்டார். ஓட்டச் சொன்னேன். இப்போது அந்த இடம் கல்யாண மண்டபம்.

ஆகையினால் எட்டு வீட்டுக்கும் போனேன். சண்டை போடவில்லை. நான் சண்டை போடுகிறவன் இல்லை. வாசலில் நின்று சொன்னேன். 'அந்தப் பாட்டை அழிச்சிருங்க. வேணும்னா வாங்கிக்கோங்க, எப்படி வாங்கணும்னு உலகம்மா சொல்லித் தருவா.' சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தன், 'அண்ணாச்சி, கேட்டுட்டேனே, காதுல இருக்கதையும் அழிக்கணுமா' என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அழித்தார்கள். நான் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கடைசியாக ஆவுடையம்மாள் வீடு. அவள் பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு தலை நிமிராமல் சுற்றுவாள். அவள் மகன் வெயிலுமுத்து கட்டிலில் கிடப்பான். பெயிண்டர். மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் வலி மட்டும் இருக்கிறது என்கிறான், அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் கூரைத் தகரம் காயும்போது அதிகமாகுமாம். அந்த நேரத்துக்கு அவனுக்குச் செங்கமலம் பாட வேண்டும்.

நான் சொன்னதும் ஆவுடையம்மாள் கையை நிறுத்தாமலே பேசினாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு மதினிகிட்ட நான் தினம் உறைமோர் வாங்குதேன். அதையும் திருப்பித் தந்துரவா?"

"உறைமோர் எங்க வீட்டுப் பால், ஆவுட. பாட்டு எங்க பால் இல்ல. அந்தப் பொண்ணு கறந்த பால்."

"ஒரு கரண்டி எடுத்தா அவளுக்கு என்ன கொறஞ்சிரும்?"

"எட்டு வீடு எட்டுக் கரண்டி. எட்டு வளவுக்கு எத்தன?"

அப்போது கட்டிலில் இருந்து முத்து சொன்னான். "அம்மா, விடு. மாமா சொல்லுதது சரிதான். மாமா, இந்தா அழிக்கேன், பாத்துக்கோங்க." படுத்த வாக்கிலேயே போனை என் பக்கம் திருப்பிப் பிடித்து ஒவ்வொன்றாக அழித்தான். நல்ல பையன். நியாயம் தெரிந்தவன். நான் கிளம்பும்போது ஒன்று கேட்டான்.

"மாமா, ஒங்க வீட்ல பாட்டுப் போடும்போது கதவத் திறந்து வப்பீங்களா?"

தம்பி, நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அது கட்டுப்பாட்டில் எழுதியில்லாத விஷயம். தியேட்டரில் படம் ஓடும்போது பின்சுவரை ஒட்டிச் சில பேர் நின்று வசனம் கேட்பார்கள். அவர்களை நான் விரட்டினதில்லை. சுவர் என் வேலை இல்லை, கேட்தான் என் வேலை. ஆனால் நானே கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, நான் யாரையும் உள்ளே விடவில்லை என்று சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை என்றால் சாத்தி வைப்பதுதான் முறை. சாத்தினேன்.

உலகம்மாள் வந்து திறந்தாள். நான் சாத்தினேன். அவள் திறந்தாள். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாள் அவள் கதவையும் திறக்கவில்லை, பாட்டும் போடவில்லை. அடுப்படியில் சத்தமே இல்லை. நான் கேட்டேன், "ஏன் போடல?"

"கம்பெனிக்காரன் போட்ட பூட்டாவது ஒரு போனுக்குத்தான். நீங்க ஊருக்கே போடுதீங்க."

"நான் அந்தப் பொண்ணுக்கு நியாயம் செய்யுதேன்."

"எங்க அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி."

பாருங்கள், எங்கே போய் இழுக்கிறாள். அது கல்யாணமான புதிது. பொங்கலுக்கு என் மாமனார் கல்லிடைக்குறிச்சியில் இருந்து கரும்புக்கட்டோடு வந்தவர், நேரே தியேட்டருக்கு வந்துவிட்டார். மருமகன் கேட்டில் நிற்கிறானாம், படம் பார்க்க வேண்டுமாம். 'வரிசையில நின்னு டிக்கெட் எடுங்க, மாமா' என்றேன். ஹவுஸ்ஃபுல் ஆகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? கரும்பை என் காலடியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார். மேனேஜரே அப்புறம், 'சொல்லியிருந்தா பாஸ் தந்திருப்பேனே' என்றார். நான் ஏன் சொல்ல வேண்டும்? மாமனார் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. இவள் அதையும் இதையும் முடிச்சுப் போடுகிறாள்.

அன்றைக்குச் சாயந்தரம் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "கதவு தொறந்து கெடக்க வீட்ல போயி நாலு நாள் பாட்டுக் கேக்கேன்" என்றாள். போன் அவளுடையது. பாட்டும் அதோடு போனது.

அவள் போன பிறகு வளவில் ஒரு மாற்றம். நான் முற்றத்தில் நடந்தால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. வளவில் பகலில் கதவு சாத்துவது எந்தக் காலத்தில் உண்டு? ஒருத்தரும் ஏசவில்லை, ஒருத்தரும் முறைக்கவில்லை. நான் வரும்போது சாத்துகிறார்கள், போனதும் திறக்கிறார்கள். நியாயம் பேசினவனுக்கு இதுதான் மரியாதை.

சரி, பாட்டுக்கு உடைமைக்காரியிடமே கேட்டுவிடுவோம் என்று செங்கமலத்துக்குப் போன் போட்டேன். பாட்டு விற்கிற இடத்திலேயே நம்பர் போட்டிருந்தாள், அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசக் கூச்சம். சொல்ல வேண்டியதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

"அம்மா, நான் கொம்பையா, டவுன்ல இருந்து பேசுதேன். ஒங்க பாட்டு எட்டு வீட்டுக்குப் போயிருந்துச்சு. எட்டையும் அழிச்சிட்டேன்."

"யாருங்க நீங்க?"

"பாட்டு வாங்கினவன்."

"எதுக்கு அழிச்சீங்க?"

இதைக் கேட்கிறாள் தம்பி, அவளே. நான் முழுக்கச் சொன்னேன். முத்து விஷயத்தையும் சொன்னேன். கடைசியில், "நான் கேக்க வந்தது, கதவத் திறந்து வச்சுக் கேட்டா அது தப்பா, தப்பில்லையா?" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு விசில். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஐயா, நான் பாடும்போதே எங்க வீட்டுக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு."

இது ஒரு பதிலா? நான் தப்பா தப்பில்லையா என்றுதானே கேட்டேன்.

"அந்தத் தம்பி நம்பர் குடுங்க. நானே அனுப்புதேன், காசு வேண்டாம்" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பேன்? அவள் இப்படி அள்ளிக் கொடுத்தால் அவள் அடுப்பு எரிய வேண்டாமா? மேனேஜர் பாஸ் கொடுத்துக் கொடுத்துத் தியேட்டர் நடத்தினால் விளங்குமா? காசு கொடுத்து வாங்கினவன் நான் என்ன கிறுக்கனா? நாம் யாருக்காகக் காவல் நிற்கிறோமோ அவர்களே போய்க் கேட்டைத் திறந்துவிட்டால் காவல்காரனுக்கு என்ன மரியாதை? வைத்துவிட்டேன்.

மறுநாள் நெட் சென்டருக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண்ணிடம் சொல்லி, முத்து பேரில் முறையாக ஒன்று வாங்கினேன். வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் வெயிலுமுத்து என்று போட வைத்துப் படித்துப் பார்த்தேன். பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். நான் யார் வீட்டுக் கதவையும் தட்டினவன் இல்லை. ஆவுடையம்மாள் திறந்துவிட்டுப் போய்ப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முத்து, இந்தா. இது ஒன் பேருக்கு வாங்கினது. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவன் அதைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"மாமா, அத்தை வந்துட்டாங்களா?"

"இல்ல."

"அத்தை வரட்டும். அவங்க கையால தந்தா வாங்கிக்கிடுதேன்."

"பாட்டு அதேதாம்டே."

"இருக்கட்டும் மாமா."

ஆவுடையம்மாள் தலை நிமிராமல், "அவனுக்கு வலி பழகிட்டு, அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டிக்கெட்டை எடுத்து, பேரைப் போட்டு, இருக்கை வரைக்கும் கொண்டுபோய் நீட்டுகிறேன், வேண்டாம் என்கிறான். மத்தியானம் தகரம் காய்கிறது. எங்கள் வீட்டில் இருந்தே கேட்கிறது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ம், ம் என்று முனகுவது. கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. அத்தை கையால்தான் வேண்டுமாம். என் கைக்கு என்ன?

அதைச் சொல்லத்தான் போகிறேன். உன் மருமகப்பிள்ளை முத்து எப்படிப் பேசுகிறான் பார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். நேற்றுப் போனில் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் பாட்டு ஓடுகிறது. "கதவத் தொறந்து வப்பீங்களா?" என்றாள். நலமா, சாப்பிட்டீர்களா, ஒன்றும் கிடையாது. "நேர்ல வந்து சொல்லுதேன்" என்றேன். "சொல்லுறதுக்கு வர வேண்டாம். தொறக்கதுன்னா வாங்க" என்று வைத்துவிட்டாள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். எங்கள் வீட்டுக் கதவு இரண்டு பலகை சேர்ந்த இரட்டைக் கதவு. ஒன்றை மட்டும் திறந்து வைக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். தெருப் பக்கத்துப் பலகை சாத்தியிருக்கட்டும், முத்து வீட்டுப் பக்கத்துப் பலகை திறந்திருக்கட்டும். அது எழுதியிருக்கிறதற்கும் விரோதம் இல்லை, கேட்டையும் முழுக்கத் திறந்ததாகாது. இதற்கும் அவள் சிரித்தாள் என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மனிதன் இதற்கு மேல் எவ்வளவுதான் இறங்கி வருவான்?

ஆமாம், பென் டிரைவ் இங்கேதான், சட்டைப் பையில் இருக்கிறது. இல்லை, நான் போட்டுக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? அது முத்து பேருக்கு வாங்கினது. அவன் வேண்டாம் என்று சொன்னாலும் அவனுடையதுதான். அவள் போனதில் இருந்து எங்கள் வீட்டில் பாட்டுக் கிடையாது. காலையில் எழுந்தால் குழாயடிச் சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. டீ போட்டால் டீ கொதிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது. நான் அதையெல்லாம் பெரிதாக நினைக்கிறவன் இல்லை.

வீரவநல்லூர் தாண்டிவிட்டதா? அப்படியானால் எழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் காலை ஒதுக்குங்கள்.

என்ன சொன்னீர்கள்? எனக்கும் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றா? நெட் சென்டர் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். 'ஒங்க பேருக்கும் ஒண்ணு போடட்டுமா, தாத்தா' என்று. எழுந்து வந்துவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் என்னதான் ஆகிவிட்டது? எங்களுக்குத்தான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதே தம்பி, அவள் போனில் இருக்கிறதே. ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு?